பிணம் கழுவிய தண்ணீர்

கணவனின் பிணத்தைக் கழுவிய தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு உலோமாவின் கையில் கொடுத்தார்கள்.

குற்றமற்றவள் என்றால் குடித்துவிட்டு உயிரோடு இருப்பாள். கொன்றவள் என்றால் தண்ணீரே கொன்றுவிடும். மறுத்தால் மகள்களோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

எனுகு நகரத்தில் விஷச் சாவு வழக்கு எது வந்தாலும் பிணத்தை அறுத்துப் பார்த்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் டாக்டர் அவள். கொழுந்தன் ஓபியோராவுக்கு அது போதுமானதாக இருந்தது.

“விஷத்தைப் பத்தி அண்ணிய விட யாருக்குத் தெரியும்? எங்கண்ணன் கதைய முடிச்சிட்டு எப்படி அழுவுறாங்க பாருங்க” என்று துக்க வீட்டில் எல்லார் காதிலும் விழச் சொன்னான்.

அண்ணியைத் துரத்தினால்தான் வீடு அவன் கைக்கு வரும். நேற்று மகள்கள் பார்க்க அவள் தலையை மழிக்கச் சொன்னதும் அவன்தான். அந்த நிமிடமே அவனை ஒழிக்க வேண்டும் என்று உலோமா முடிவு செய்துவிட்டாள்.

குவளையிலிருந்து நெடி மூக்கைத் துளைத்தது. பிணம் அழுகாமலிருக்கப் பிணவறையில் ஏற்றும் மருந்து. அவளுக்கு அன்றாடம் பழகிய வாசனை. கழுவிய தண்ணீரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு அது இருக்காது என்பதும் தெரியும்.

தொண்டை எரிய எரியப் பாதியைக் குடித்தாள்.

கணவனின் குலத்தில் பிறந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவள் சாகவில்லை.

மீதியை ஓபியோராவிடம் நீட்டினாள்.

“கடைசியா உங்கண்ணனோட உக்காந்து கள்ளு குடிச்சது நீங்கதானே, தம்பி? மிச்சத்த நீங்க குடிங்க.”

நெடி பட்டதும் அவன் முகம் செத்துப்போனது. தான் குடித்தபின் மீதியில் அவள் விஷம் கலந்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டான். இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

“பொம்பள குடிச்சிட்டா. உனக்கென்னடா நோவு?” என்றாள் பெண்களில் மூத்தவளான உகோயே அத்தை.

அவன் குடிக்கவில்லை.

பெண்கள் மொத்தமாக எழுந்தார்கள். இவர்கள் தள்ளிவைத்தவனுக்கு ஊரில் யாரும் ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவனுக்குக் கள்ளில் கலந்து கொடுத்த பாவி என்று ஒருத்தி மண்ணை வாரி அவன்மேல் இறைத்தாள். பார்க்கப் பார்க்க உலோமாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அத்தை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்ன விஷம்னு தெரிஞ்சுதாம்மா?”

“பரிசோதனை இன்னும் முடியல, அத்தை.”

அது காலையிலேயே முடிந்துவிட்டது. அவள் கணவனின் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், அவளோடு வேலை பார்ப்பவர், போனில் சொல்லியிருந்தார். விஷம் எதுவும் இல்லை, மாரடைப்பு.