ஒரு நாற்காலிகூடக் காலியில்லை

மாநாடு, கச்சேரி, விளையாட்டு விழா என்று காலமெல்லாம் கூட்டம் கூட்டியவருக்கு அன்று பணி ஓய்வுப் பாராட்டு விழா. மேடையேறியதும் அரங்கைப் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அப்பாடா என்றிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

“எங்கே இருக்கே? ஆரம்பிக்கப் போறாங்க.”

“வாசல்லதான். உங்களோட வேலை பார்த்தவங்க அத்தனை பேரும் என்கூட நிக்கிறாங்க. சீட் நிறைஞ்சதும் கதவைச் சாத்திடணும், அப்புறம் யார் வந்தாலும் விடக்கூடாதுன்னு நீங்கதான் உத்தரவு போட்டீங்களாமே?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைத் திறக்கச் சொல்லிப் பதறிக் கையைத் தூக்கினார்.

தன் விழாவுக்கு ஈ காக்காகூட வராதோ என்று பயந்து, அவரே கூலிக்குப் பிடித்து உட்காரவைத்திருந்த கூட்டம், கையைத் தூக்கியதும், முன்பே சொல்லிவைத்திருந்தபடியே எழுந்து நின்று கைதட்டியது.