ஹாம்பர்க் மெயில்

அறிவுச்செல்வியின் நல்ல பெயருக்கு அன்றைய விலை முப்பத்தெட்டு ரூபாய். ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம். அதிலும் பேரம் பேசி இரண்டு ரூபாய் குறைத்திருந்தார் முத்துக்கிருஷ்ணன். பாவத்துக்குப் பரிகாரமே ஆனாலும் சொன்ன விலைக்கு வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை.

நாகல் நகரில் ஆட்டோவை விட்டு இறங்கி அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவளின் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள்.

"என்னா சார், இம்புட்டுத் தூரம்?"

"காலையிலருந்து போன் போடுறேம்மா. எப்பப் பாத்தாலும் என்கேஜ்டு. அதான் நேர்ல வந்துட்டேன்."

வேலை போன வெட்கத்தில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருப்பாள் என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

காதர் பீவியின் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் முத்துக்கிருஷ்ணன் மேனேஜர். அங்கே மெயில் பார்க்கிற வேலை அறிவுச்செல்விக்கு, நேற்று வரைக்கும். கம்ப்யூட்டரில் வரும் ஒவ்வொரு மெயிலையும் பிரிண்ட் எடுத்து, நம்பர் போட்டு, தபால் நோட்டில் ஏற்ற வேண்டும் என்பது பீவியம்மாள் போட்ட சட்டம்.

நேற்று ஹாம்பர்க்கிலிருந்து போன் வந்தது. 'ஆர்டரை மெயிலில் அனுப்பிப் பத்து நாளாகிறது, பதிலே இல்லை, வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்றார்கள். நோட்டைப் புரட்டினால் அப்படி ஒரு மெயிலே ஏறவில்லை. "நோட்டு பொய் சொல்லாது. நீதான் அழிச்சிருக்க" என்று சொல்லி, சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் பீவியம்மாள்.

பழப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் முத்துக்கிருஷ்ணன்.

"நாளைக்குக் காலையில பீவியம்மா முன்னால போயி நிக்கப்போறேன். நீ மறுபடி வேலைக்கு வந்துரும்மா."

"எதுக்கு சார்?"

"அந்த மெயில அழிச்சது நீ இல்ல. நாந்தேன்."

தனியாகத் தொழில் தொடங்கும் ஆசை அவருக்கு. வெளிநாட்டுப் பார்ட்டிகளின் விலாசம் பிடிக்க, கம்பெனி மெயில் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வருகிற மாதிரி ரகசியமாகச் செய்து வைத்திருந்தார். பாஸ்வேர்டுக்காக மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. மறந்துவிடக் கூடாதென்று பீவியம்மாளே அதை எழுதி, ஆபீஸ் மானிட்டரின் நெற்றியில் ஒட்டி வைத்திருந்தார்.

ஆனால் ஒரு விஷயம் அவருக்குப் பிந்தித்தான் புரிந்தது. இன்டர்நெட்டே போன் லைனில் வந்த காலம் அது; கம்பெனிக்கு வரும் மெயில் எங்கோ ஒரு பெட்டியில் காத்திருக்கும். எந்தக் கம்ப்யூட்டர் முதலில் போன் போட்டுக் கேட்கிறதோ, அதற்குள் போய் இறங்கிவிடும். பெட்டியில் மிச்சம் எதுவும் இருக்காது. பிறகு கேட்கிற கம்ப்யூட்டருக்கு வெறும் கைதான்.

"ஹாம்பர்க் மெயிலப் படிச்சீகளா சார்?" என்று மெல்லக் கேட்டாள் அறிவுச்செல்வி.

"எங்கிட்டுப் படிக்க? எல்லாம் ஏன் வீட்டுக்கே வந்து எறங்குனதப் பாத்ததுமே பயந்துட்டேன். மேலயும் கீழயும் பாத்துட்டு அம்புட்டையும் அழிச்சுட்டேன். அதுலதான் போயிருக்கணும். வேற எங்க போகும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "விடுங்க சார். உங்களுக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைக. என் வேல போனா போகட்டும். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

முத்துக்கிருஷ்ணன் தோல் வியாபாரத்தில் இருபது வருஷமாக இருக்கிறார். அடுத்தவர் நஷ்டத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"இல்லம்மா. நீ இப்படிச் சொல்லச் சொல்லத்தான் எனக்குக் குத்துது. ராத்திரி சோறு எறங்கல. என் சம்சாரம் 'வெஞ்சனம் நல்லா இல்லையா'ன்னு கேட்டு சண்டைக்கே வந்துட்டா."

"சார், நெசமாவே வேணாம்..."

"நான் வாயால சொன்னா மட்டும் பீவியம்மா நம்ப மாட்டாங்க. உன்னக் காப்பாத்தப் பொய் சொல்றேம்பாங்க. அதுக்கும் வழி பண்ணிட்டேன். எந்த போன் நம்பர்லருந்து எந்தத் தேதியில மெயில எடுத்தாங்கன்னு இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுத்தவங்ககிட்ட லிஸ்ட் இருக்காம். நாளைக்கு அத எழுதி வாங்கி அவங்க மேசையில வச்சிர்றேன். அப்புறம் உன் பேருல ஒரு தூசி இருக்காது!"

அறிவுச்செல்வியின் முகம் வெளிறிப்போனது. கையிலிருந்த பழப்பை நழுவித் தரையில் விழுந்தது.

"அந்த லிஸ்ட் மட்டும் வேணாம் சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் உள் அறைக் கதவு திறந்தது. அவளுடைய கணவன் ஈஸ்வரன் கையில் ஒரு பிரிண்ட்டோடு ஓடி வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. வீட்டு போன் ஒயர் அதில்தான் செருகியிருந்தது.

"செல்வி, ராத்திரியெல்லாம் முழிச்சது வீண்போகல! ஹாம்பர்க்காரன் நம்ம ரேட்டுக்கே சரின்னுட்டான்!"

முத்துக்கிருஷ்ணனைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். மேனேஜர் பிரிண்ட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அறிவுச்செல்வி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு மொத்தம் எத்தன மெயில் சார் வந்துச்சு?"

"மூணு."

"எங்களுக்குப் பதினாறு சார்."