மாடிக்குப் போகும் பேச்சு

"நம்ம பேசறதெல்லாம் மாடிக்குப் போவுது விஜி. யாரோ போட்டுக் குடுக்கறாங்க."

கன்னியம்மா இதையும் மாடிப்படிக்குக் கீழே நின்றுதான் சொன்னாள்.

பாரிவாக்கத்தில் அவள் வீட்டு மாடிக்கு சிம்ரன் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. வடக்கே எந்த ஊர் என்று கன்னியம்மா கேட்டதில்லை. இந்திக்காரி, அவ்வளவுதான். புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வாடகை தேதி தவறாமல் போனில் வந்து விழுந்துவிடும். அதனால் அவளிடம் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

அவளைப் பற்றிப் பேசத்தான் நிறைய இருந்தது. சாயங்காலமானால் பக்கத்து வீட்டு விஜியும் கன்னியம்மாவும் படிக்கட்டாண்டை கூடிவிடுவார்கள்.

"அவளுக்குத்தான் தமிழே தெரியாதேக்கா," என்றாள் விஜி.

"அதான் எனக்கும் சந்தேகம். கொழாய மூடாம போறான்னு சொன்னனா? மறுநாளே மூட்றா. கடுகெண்ணெ நாத்தம் தாங்கலன்னேன். அன்னிலேர்ந்து ஜன்னல சாத்திகினுதான் சமைக்கிறா. யாரும் இந்தியில சொல்லாம அவளுக்கு எப்டித் தெரியும்?"

"நம்ம தெருவுல இந்தி தெரிஞ்சவங்க யாருக்கா கீறாங்க?"

கன்னியம்மா பேச்சை மாற்றிவிட்டாள். தெரிந்த ஒரே ஆள் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

மகள் நிஷா. பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜ் சிநேகிதிகளிடம் பழகி அரைகுறையாக இந்தி வரும். கொஞ்ச நாளாக போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே ஒரே சிரிப்பு.

"மாடியில உனக்கு இன்னா வேல?"

"ப்ராஜெக்ட்மா. பயன்பாட்டு மொழியியல். மைனர் பேப்பர்னு சொன்னேன்ல."

"எங்க காலத்துல மைனருன்னா வேற. கணக்கு படிக்கிறவளுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"கிளாசுக்கே போகாம ஒரு ஆளு புது பாஷைய எப்டிக் கத்துக்கறாங்கன்னு பாக்கணும்மா."

"நீ இந்தி கத்துகினு இன்னா பண்ணப் போற? சரி, பேச்செல்லாம் போன்ல புடிச்சினு வர்றியே, அதப் போடு. நானும் கேக்கறேன்."

நிஷா சட்டென்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "வேணாம்மா. நீ கேக்காத."

கன்னியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற மகளே தன் பேச்சை மாடிக்குக் கடத்துகிறாள்.

அடுத்த வாரம் நிஷா காலேஜ் கேம்புக்குப் போயிருந்தாள். நல்ல சமயம் என்று கன்னியம்மா விஜியிடம் மட்டும் சொன்னாள்: "செருப்ப என் கோலத்து மேலயே வுட்டுட்டுப் போறா பாரு."

மறுநாள் காலையில் கோலத்தின் மேல் செருப்பு இல்லை. மாடிக்குப் போய்விட்டிருந்தது.

விஜி நிஷாவுக்குப் போன் பண்ணி, நிஷா அங்கிருந்து சிம்ரனுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். சந்தேகப்பட உட்கார்ந்துவிட்டால் அதற்கு வழியா கிடைக்காது? வேரோடு வெட்டிவிடுவது என்று கன்னியம்மா முடிவு கட்டினாள்.

நிஷா திரும்பி வந்ததும் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். சிம்ரன் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் பதறி எழுந்தாள்.

"இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லு. இந்தியில சொல்லு."

"அம்மா, இந்திக்காரங்கன்னா யாரும் ஊடு குடுக்கறதில்ல. எங்க போவாங்கம்மா?"

"அது என் கவலையா? தெனம் எல்லாத்தையும் வந்து சொல்றியே, இத மட்டும் சொல்ல வாய் வரலியா?"

நிஷா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அவளத் திட்டாதீங்கம்மா. அவ ஒண்ணும் சொல்றதில்ல. எனுக்கே புரியுது."

கன்னியம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். பேசியது சிம்ரன். கொஞ்சம் இந்தி வாடை அடித்தாலும் மற்றபடி அசல் பாரிவாக்கத்துப் பேச்சு.

"உனக்குத் தமிழ் வருமா? இவளா சொல்லிக் குடுத்தா?"

"இல்லம்மா. நீங்கதான்."

"நானா? நான் உங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்லியே."

"எங்கிட்ட இல்ல. சாயங்காலம் கீழ நின்னுகினு விஜியக்காகிட்ட பேசுவீங்கல்ல? நான் மேல துணி எடுத்துகினே கேப்பேன். மொதல்ல கொழா புரிஞ்சிது. அப்பறம் எண்ணெ. இப்ப எல்லாமே புரியுது."

"ப்ராஜெக்ட் இவங்களப் பத்திதாம்மா," என்றாள் நிஷா மெதுவாக. "போன்ல இருக்கறதெல்லாம் நீ பேசுனதுதான். இவங்க அத அப்டியே பேசிக் காட்டுனாங்க. அதான் கேக்காதன்னேன்."

எண்ணெயும் செருப்புமாவது பரவாயில்லை. அதற்கு மேலும் என்னென்னவோ பேசியிருக்கிறாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, கன்னியம்மாவுக்கு உடம்பு கூசியது.

"எல்லாத்தையும் கேட்டுகினு சும்மாவா இருந்த? ஒருநாளாச்சும் எறங்கி வந்து சண்ட போட்டிருக்கக் கூடாதா?"

சிம்ரன் மாவுக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"சண்ட போட்டா பேசறத நிறுத்திடுவீங்களேம்மா. வந்த புதுசுல இந்த ஊர்ல எங்கிட்ட யாருமே பேசல. என்னப் பத்தியாச்சும் பேசுனது நீங்கதான்."