இரண்டு கண் கவாத்து

"ரெண்டு கண்ணு உட்டு வெட்டு, துலுக்காணம்."

திராட்சைப் பந்தலுக்கு அடியில் கத்தரியோடு நின்ற துலுக்காணம், சிவசங்கரனைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாணா சொல்றே? ஐப்பசி கவாத்துக்கு அஞ்சு கண்ணு உட்டாத்தானே கொத்து வரும்? ரெண்டுல வெட்டுனா வெறும் கொடிதான் ஓடும். மாசியில ஒரு பழம் இருக்காது."

"தெரியும். சொன்னத செய்."

துலுக்காணத்துக்குக் கை வரவில்லை. காய்க்கிற கொடியை வேண்டுமென்றே மலடாக்குவது அவனுக்குப் பாவமாகத் தெரிந்தது. ஆனாலும் தோட்டம் அவனுடையதில்லையே. தன் ஆட்களிடம் அளவைச் சொல்லிவிட்டு, முதல் கிளையில் இரண்டே மொட்டுக் கண்களை விட்டு மீதியை நறுக்கினான்.

சிவசங்கரனுக்குத் தம்பி மேல் ஆத்திரம். தம்பி சுரேஷ்பாபு பாகம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். திருமலைக்கு பஸ் ஓட்டுகிறவன். பொங்கலுக்கு ஒரு நாள் புத்தூர் வந்து தோட்டத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மருந்தடித்துக் கை வெடித்தது இவனுக்கு. பாகம் மட்டும் சரிபாதியாம்.

அவர்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணன் பாகம் பிரிப்பான், தம்பி முதலில் எடுப்பான். இருப்பது ஒரே போர்க்கிணறு, ஒரே பந்தல். அதைப் பாதியாக அறுக்க முடியாது. அதனால் திராட்சை ஒரு பாகம், மழை பெய்தால் வேர்க்கடலை விளைகிற நாலு ஏக்கர் மேட்டு நிலம் இன்னொரு பாகம். தம்பி எதை எடுப்பான் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

'எடுத்துக்கோடா. மாசி வரைக்கும் இலைய எண்ணிக்கினு உக்காரு' என்று மனதுக்குள் கறுவினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தாய்மாமன் சடகோபன் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சுரேஷ்பாபு தோட்டத்து வழியாகத்தான் வந்தான். வெட்டின அளவு அவன் கண்ணில் பட்டதோ என்று சிவசங்கரன் முந்திக்கொண்டு கேட்டான்.

"தோட்டத்த பாத்தியா?"

"பாத்தேண்ணா. கடைசி வரிசை வெட்டிக்கினு இருக்காங்க. பந்தலே பளிச்சுனு இருக்குது."

அடுத்த வருஷமாவது கவாத்தின் அளவைக் கற்றுக்கொள்வான் என்று சிவசங்கரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

சடகோபன் தொண்டையைச் செருமினார். "சரே, சின்னவனே சொல்லட்டும். உனுக்கு எது?"

"மேட்டு நிலம், மாமா."

சிவசங்கரன் திடுக்கிட்டான். "விளையாடாதடா. தெராட்சைய எடு."

"அத எடுக்கவா நான் பாகம் கேட்டேன்? கூட்டா இருந்தா, நாளைக்கு என் பசங்க வந்து எங்களுக்கும் பாதின்னு நிப்பானுங்க. நீ ஒழைச்ச தோட்டம். பூராவும் உன் பேருக்கே நெலத்து பாஸ்புக்குல ஏறணும்னுதான் கேட்டேன்."

சிவசங்கரனால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உன் பொண்ணு மோனிகாவுக்கு வைகாசியில கல்யாணம் வெச்சிருக்கே. இந்த மாசி பழத்த நம்பித்தானே மாப்ள வீட்டுக்கு வாக்கு குடுத்தே? அதுல நான் பங்குக்கு வந்தா நல்லாவா இருக்கும்?"

சிவசங்கரன் சட்டென்று எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடினான். வாசலிலேயே துலுக்காணம் எதிரே வந்தான், துடைத்த கத்தரியோடு.

"முடிஞ்சிதுணா. நீ சொன்னாப்புல ரெண்டே கண்ணு. ஒரு கொடி பாக்கி இல்ல."