இருநூறாவது மணி

அவன் மனைவி தொடங்கிவைத்த சோதனை அது. டர்பைன் பிளேடுக்கான உலோகத் துண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் நீர்த்துளிகளை அசுர வேகத்தில் அடிக்க வேண்டும். மொத்தம் இருநூறு மணி நேரம்; மணிக்கு ஒருமுறை எடுத்து, எவ்வளவு தேய்ந்தது என்று எடை பார்க்க வேண்டும். நூற்றுப்பத்து மணி முடிந்திருந்தபோது அவள் இறந்துபோனாள். மிச்சத்தை முடித்தே தீருவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

"வெறுங்கையால தொடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அவளை எப்போதும் திட்டுவான். விரலின் பிசுக்குக்கூட அந்தத் தராசில் எடை காட்டும்.

இருநூறாவது மணி முடிந்து மூடியைத் திறந்தான். தேய்ந்த பரப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை. காய் நறுக்கும்போது அவள் வெட்டிக்கொண்ட தழும்பு அதன் குறுக்கே ஓடியது.

"எறும்பு ஊரக் கல்லே தேயும்பாங்க. இந்த அடியில ரேகை நிக்குமா? நீதான் தொட்டிருப்பே, மாப்ள," என்றான் கூட வேலை பார்ப்பவன்.

அவன் உறை போட்ட கைகளைக் காட்டினான். ரேகையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் துண்டை மறுபடி பூட்டினான்.

"அதான் முடிஞ்சிருச்சேடா. இன்னும் எதுக்கு?"

"இன்னும் ஒரு மணி."

மறுபடி திறந்தபோது, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலும் பதிந்திருந்தது.

அவன் உறையைக் கழற்றினான்.