குதிகாலுக்குள் ஓடிய சத்தம்

“பார்த்தியெம்!” என்று நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் சட்டென்று எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூட்டை கட்டும் கோடு போட்ட துணியைத் தோளிலிருந்து உருவி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். உடனே அதைப் பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

காலை ஒன்பது மணி. மற்ற நாளாக இருந்தால் இந்நேரத்துக்கு நாலு மூட்டை மிளகாயாவது முதுகில் ஏறி இறங்கியிருக்கும். இன்றிலிருந்து சந்தையின் இரண்டாவது மாடியில் சுமைதூக்கும் பெண்களுக்கெல்லாம் முறைவைத்து எலும்புச் சோதனை.

சோதனைக்கு வராதவளுக்கு அடுத்த மாதம் எண் அட்டை கிடையாது என்று சங்கத் தலைவி ஹார்தினி சொல்லிவிட்டாள். எண் அட்டை இல்லாமல் இந்தச் சந்தையில் மூட்டையைத் தொட முடியாது. எலும்பு மெலிந்துவிட்டது, சிவப்பு என்று வந்தாலும் பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாதாம். பத்து கிலோவைத் தூக்க யார் ஆள் கூப்பிடப் போகிறார்கள்? அதைக் கடைக்காரனே ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஹார்தினி இப்போது கீழ்த்தளத்தில் இருந்தாள். அவள் ஏறி வருகிறாளா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் நாற்காலியில் இருந்தவள்.

“வயசு என்ன, ஈபு?” என்று அம்மா முறை வைத்துக் கேட்டாள் நர்ஸ்.

வாய் திறந்தது, மூடியது. “ஐம்பத்து நாலு.”

“பார்த்தா தெரியலையே! என்ன ஜாமுக் கஷாயம் குடிக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்.”

“அறுபது கிலோ மூட்டைதாம்மா எங்களுக்கு ஜாமு!” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

பெட்டி போன்ற கருவிக்குள் வலது காலை வைக்கச் சொன்னாள் நர்ஸ். வெடிப்பு வெடிப்பாக இருந்த குதிகாலில் மிளகாய்த் தூள் அப்பியிருந்தது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நர்ஸ் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு இரண்டு பக்கமும் குளிர்ந்த பசையைத் தடவினாள்.

“பயப்படாதீங்க. இதுல கதிர் எதுவும் கிடையாது. வயித்துல இருக்கிற புள்ளையைப் பார்க்க ஸ்கேன் எடுக்கிறாங்களே, அது மாதிரி வெறும் சத்தம்தான். காதுக்குக் கேட்காது. எலும்பு கெட்டியா இருந்தா சத்தம் வேகமா ஓடிடும். மெலிஞ்சிருந்தா தயங்கித் தயங்கிப் போகும்.”

இரண்டு மெத்தைகள் குதிகாலை இறுக்கின.

“அசையாதீங்க.”

அதுதான் முடியவில்லை. கட்டைவிரல் தானாகத் துடித்தது. கருவி கீச்சென்றது. மறுபடி முதலிலிருந்து.

நடைபாதைக்கு எதிரே மசாலாக் கடை ஓரத்தில் அவளுடைய தோழி நின்றிருந்தாள். இருபத்து மூன்று வருஷமாக ஒருத்தி முதுகில் இன்னொருத்தி மூட்டை ஏற்றிவிடுகிறவர்கள். தோழி காலையிலிருந்து ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. ‘ஆச்சா?’ என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

இன்னும் இல்லை என்று இவள் கண்ணாலேயே சொன்னாள்.

மெத்தைகள் தளர்ந்தன. திரையைப் பார்த்த நர்ஸின் முகத்தில் சிரிப்பு இல்லை. இடது காலையும் வைக்கச் சொன்னாள். பிறகு ஒரு சீட்டை உருவினாள்.

“ரெண்டு கால்லயும் சிவப்புதான் காட்டுது, ஈபு.”

“எனக்கா?”

“இது முதல் பார்வைதான். பெரிய ஆஸ்பத்திரியில உறுதி பண்ணிக்கணும். ஒடையறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க. மருந்து இருக்கு. ஆனா மூட்டை வேணாம்.”

நேற்று சாயங்காலம்கூட ஒரு சாக்குத் தேங்காயை மூன்று மாடி ஏற்றினாள். எங்கேயும் வலிக்கவில்லை. இப்போதும் வலிக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று இடுப்பிலும் முதுகிலும் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

நர்ஸ் குனிந்து பதிவேட்டில் எழுத ஆரம்பித்தாள்.

எழுந்து போய்விடலாம். பசையைத் துடைத்துக்கொண்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் படியிறங்கிவிடலாம். நாளைக்குக் காலையில் வழக்கம்போல மூட்டை தூக்கலாம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை.

பேனா ‘பார்’ என்பதைத் தாண்டிவிட்டது.

“எழுதாதீங்க, நர்ஸம்மா!”

அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மசாலாக் கடை ஓரத்தில் நின்றவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தப் பேரை அடிச்சிடுங்க. வயசையும்தான். பார்த்தியெம் அதோ, அங்க நிக்கிறா. போன மாசம் சும்மா தரையில கை ஊனினா, மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு. சிவப்பு வந்துடும்னு ராத்திரியெல்லாம் அழுதா. உன் எலும்பு இரும்புடி, எனக்காக நீ போய்க் காலை வையின்னு கெஞ்சினா. என் முறை அடுத்த வாரம்தான்.”

நர்ஸின் கையிலிருந்த சிவப்புச் சீட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

“இது அவளோடது இல்ல. என் பேரு துமிரா. அதை எழுதுங்க.”