முழுப்பேர் டிக்கெட்

பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு விமான டிக்கெட்டை வைத்தார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வாழைப்பழம் கொண்டுவருவார்கள், கேக் கொண்டுவருவார்கள். ஹாலிஎலயிலிருந்து வந்த இந்தக் கூட்டம் நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தது. மாப்பிள்ளை றொனி வியாழக்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போகிறாராம்.

அப்பா அதை நற்கருணை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். என் அப்பா கபிரியேலுக்கு மருமகன் என்றால் வெளிநாட்டில் இருக்க வேண்டும். உள்நாட்டில் இருக்கிறவன் வெறும் ஆள்.

தாள் பெரியப்பா கைக்குப் போனது. பிறகு சித்தப்பா கைக்கு. விலையைப் பார்த்தவர்கள் எல்லாரும் றொனியை இன்னொரு தரம் மரியாதையாகப் பார்த்தார்கள்.

தேநீர்த் தட்டோடு குனிந்தபோது அந்தத் தாள் எனக்கும் தெரிந்தது. நான் விலையைப் பார்க்கவில்லை. வகுப்பு என்ற இடத்தில் ஒற்றை எழுத்து இருக்கும். அதைப் பார்த்தேன்.

Y.

பதுளை பஸாரில் டிக்கெட் போடுகிற கடையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். கல்யாணத் தரகர் ‘கடையில வேலை’ என்று மட்டும் சொல்லியிருந்தார். துணிக்கடை என்று நினைத்திருப்பார்கள்.

ஒரே விமானம், ஒரே சாப்பாடு, முழங்கால் இடிக்கிற ஒரே மாதிரி இருக்கை. எழுத்து மட்டும் வேறு. கடைக்கு வருகிற தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இப்படித்தான் விளக்குவேன்: ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறோம், ஒருத்திக்கு முழுப்பேர் போட்டு முழு நாள் சம்பளம் கொடுக்கிறார்கள், கிலோ குறைந்தவளுக்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி. உடனே புரிந்துவிடும்.

Q, V எல்லாம் அரைப்பேர். விலை குறைவு, போகாவிட்டால் காசு அம்போ. Y முழுப்பேர். விலை இரண்டு மடங்கு, ஆனால் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடலாம்.

வேலைக்குப் போகிற எவனுக்கும் நான் இதுவரை Y போட்டதில்லை. போகத்தான் போகிறான், திருப்பிக் கொடுக்கிற வசதி எதற்கு?

றொனி தானே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய ஆட்டோவை எட்டிப் பார்த்தேன். புத்தம் புது சீட் கவர். வியாழக்கிழமை நாட்டை விட்டுப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை சீட் கவர் மாட்டுவானா?

கோபம் வந்தது. பொய் சொல்கிறதுதான் சொல்கிறாய், என்னிடமா டிக்கெட்டில் பொய் சொல்வது?

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து என் உத்தியோகத்தைக் காட்ட ஆசை வந்துவிட்டது. டிக்கெட்டை என்னிடம் நீட்டினார்.

“நிலுக்ஷி, நீ பதுளையில தெனம் போட்டுக் குடுக்குற டிக்கெட்டுத்தானே. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா.”

றொனி காலிக் கோப்பையை இன்னொரு தரம் வாய்க்குக் கொண்டுபோனார். அவருடைய அம்மா பிஸ்கட்டைக் கடித்தபடி அப்படியே இருந்தார்.

தாளை வாங்கினேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கூட்டம் செருப்பைக் கூடத் தேடாமல் ஆட்டோவில் ஏறிவிடும்.

அடுப்படி வாசலில் ஜெனிற்றா அக்கா நின்றிருந்தாள். அப்பா தேடிப் பிடித்த அவள் புருஷன் நாலு வருடமாகக் குவைத்தில். அவள் மகனுக்கு அப்பா என்றால் போன்தான். சார்ஜ் இறங்கினால் ‘அப்பா செத்துருச்சு’ என்று கத்துவான். நாங்கள் எல்லாரும் சிரிப்போம், அக்கா சிரிக்க மாட்டாள்.

எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததே இல்லை.

டிக்கெட்டை மேலிருந்து கீழ்வரை ஆற அமரப் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். எனக்குச் சம்மதம் என்றும் சேர்த்தே சொன்னேன். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு றொனியின் கோப்பையை வாங்கிக்கொள்ளக் குனிந்தேன்.

“புதன்கெழமைக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க,” என்றேன் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “பிளேன் போயிருச்சுன்னா காசுல புடிச்சுக்குவாங்க.”